பட்டாணிக்காகப் பெயர்த்த தரை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் வீட்டில் இன்ஸ்பெக்ஷன் நடந்தது.

லோன் கொடுக்கிற பேங்க்காரர்கள் இல்லை. சம்பந்தம் பேச வந்தவர்களும் இல்லை. நான் பெற்ற மகள்! திருச்சியில் உட்கார்ந்துகொண்டு, வீடியோ காலில் என்னை அறை அறையாக நடக்க வைத்து, "அந்தப் பக்கம் காட்டுங்க... கீழ காட்டுங்க... இன்னும் கீழ..." என்று பார்த்தாள். யாருக்காக? ஒரு நாய்க்குட்டிக்காக.

நான் வீடு கட்டுகிறவன். வாராவாரம் இந்தப் பத்திரிகையில் என் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். புதிதாக வந்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன் — சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைகழுவிவிட்டோம். சாந்துச் சட்டி தூக்கினேன். கொத்தனார் ஆனேன், மேஸ்திரி ஆனேன், காண்ட்ராக்டர் ஆனேன். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்புங்கள்... நான் கட்டிய வீடு ஒன்று உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் பிளானைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, "ஐயா, இந்த எடத்துல ஒரு பில்லர் வேணுமா வேணாமா?" என்று என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவன் தனக்கென்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டை முழுசாகப் பார்த்துவிட்டு என் மகள் கயல்விழி சொல்கிறாள்:

"அப்பா, இந்த வீடு சரிப்படாதுப்பா."

"யாருக்கு ஆத்தா சரிப்படாது?"

"பட்டாணிக்கு."

பட்டாணி என்பது நாயின் பெயர். நாய் இன்னும் வரவில்லை, பெயர் வந்துவிட்டது.

நாய் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். என் மனைவி சிவகாமிக்குப் போன வருடம் முழங்காலில் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. டாக்டர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார் — நடக்க வேண்டும். நடக்காமல் இருந்தால் மூட்டு இறுகிப்போகும், அப்புறம் கடைசிவரை நாற்காலிதான். வீட்டுக்குள்ளே நடந்தால்கூடப் போதும் என்றார்.

அவள் நடக்கவில்லை.

படுக்கையறை வாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காலையில் அதில் உட்கார்ந்தால், பாத்ரூமுக்கு எழுந்திருப்பதோடு சரி. சமையலுக்கு ஒரு அம்மா வந்து போகிறார். பிசியோதெரபி செய்ய ஒருவர் வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நடை நடப்பாள். அவர் செருப்பை மாட்டுவதற்குள் நாற்காலிக்குத் திரும்பிவிடுவாள். நான் நயமாகச் சொன்னேன். கத்தினேன். "ஒனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு, மண்டதான் சரியில்ல" என்றுகூடச் சொன்னேன். அசையவில்லை.

அப்போதுதான் கயல்விழியின் தோழி வீட்டில் நாய் குட்டி போட்டது. ஒரு குட்டியின் போட்டோ அம்மாவின் போனுக்கு வந்தது. சிவகாமி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள். சமையல்கார அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக, தனக்கென்று ஒன்று கேட்டாள்:

"இதைக் கொண்டாரியாடி?"

மகள் போட்ட கணக்கு எளிமையானது. குட்டி வந்தால் அம்மா எழுந்து அதன் பின்னால் போவாள். போனால் நடந்துதான் ஆகவேண்டும். ஆனால் அதற்கு முன் வீட்டை நாய்க்குத் தயார் செய்ய வேண்டுமாம். வேறு ஒரு குடும்பத்தாரும் அதே குட்டியைக் கேட்கிறார்களாம். "ஞாயித்துக்கெழமைக்குள்ள வீடு ரெடின்னா கூட்டிட்டு வர்றேன். இல்லேன்னா அவங்களுக்குக் குடுத்துரச் சொல்லிருவேன்" என்றாள். பெண் கொடுக்கிறவர்கள்கூட மாப்பிள்ளை வீட்டை இவ்வளவு சந்தேகப்பட மாட்டார்கள்!

சரி, என்ன குறை கண்டுபிடித்தாள்?

தரையை.

என் தரையை!

குஜராத்திலிருந்து லாரி ஏறி வந்த டைல்ஸ் அது. ஒவ்வொன்றும் கதவுப் பலகை மாதிரி. இணைப்பு எங்கே இருக்கிறது என்று குனிந்து தேட வேண்டும். மேலே எரிகிற லைட் கீழேயும் எரியும். வருகிறவர்களிடம் செருப்பைக் கழற்றச் சொல்லி, "குனிஞ்சு பாருங்க, மூஞ்சி தெரியும்" என்பேன். தெரியும். பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டுக்கும் அதையே கேட்பார்கள். குவைத்திலும் சிங்கப்பூரிலும் சம்பாதிக்கிற பிள்ளைகள் போனில் சொல்வார்கள் — "காசப் பத்திக் கவலப்படாதீங்க மேஸ்திரி, தரை பளபளன்னு இருக்கணும்." இருக்கும். அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? ஒரு அப்பா, ஒரு அம்மா. நாலு பெட்ரூம், அஞ்சு பாத்ரூம், மாடியில் யாருமே ஏறிப் பார்க்காத ஒரு ஜிம். சோபாவுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார்கள். பிள்ளை லீவில் வந்து பார்ப்பதற்காக அந்த இரண்டு பேரும் வீட்டைப் பளபளவென்று வைத்துக்கொண்டு, பின்கட்டில் ஒரு மூலையில் வாழ்வார்கள்.

என் வீட்டில் குறை என்றால் ஒன்றே ஒன்றுதான். ஹால் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கறை. படுக்கையறை வாசலில் தொடங்கி, எதிர்ப்பக்கத்து பாத்ரூம் வரைக்கும் கோடு மாதிரி ஓடும். (பாத்ரூம் ஏன் ஹாலுக்கு அந்தப் பக்கம்? வாஸ்து பார்க்கிற ஆள் அப்படிச் சொன்னார்.) பொங்கலுக்குப் பொங்கல் பெயிண்ட் அடிக்கிறோம், மாசிக்குள் கறை திரும்ப வந்துவிடும். பெயிண்டர் அந்தோணியை நான் திட்டாத திட்டு இல்லை. "தண்ணியக் கலந்து அடிக்கிறியா, பெயிண்ட்டக் கலந்து அடிக்கிறியா?" அந்த ஆள் மாதா மேல் சத்தியம் செய்வார். நான் நம்பியதில்லை.

அது கிடக்கட்டும். நாய்க்கு வருவோம்.

"இது டேஷண்ட்ங்கற சீமை நாய்ப்பா. ஒடம்பு நீளம், காலு குட்டை. வழுக்குற தரையில நாலு காலும் நாலு பக்கம் போகும். முதுகெலும்பு போயிரும்" என்று போட்டோவைக் காட்டினாள்.

பார்த்தேன். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. முன்னால் இரண்டு கால், பின்னால் இரண்டு கால், நடுவில் பெஞ்சு மாதிரி நீண்ட உடம்பு. நடுவில் பில்லர் வைக்காமல் இழுத்துக் கட்டிய ஸ்லாப்! எந்த மடையன் போட்ட பிளானோ! அந்த மாதிரி ஸ்லாப் நடுவில்தான் விரிசல் விடும். வெள்ளைக்காரன் வேலையில் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மேஸ்திரி என்ற முறையில் சொல்கிறேன்.

ஆனாலும் என் தரையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. "தரையெல்லாம் பழகிக்கும். மத்ததச் சொல்லு, செஞ்சுர்றேன்" என்றேன்.

புதன்கிழமை புதுக்கோட்டை போய், நாய்ச் சாமான் விற்கிற கடைக்குள் நுழைந்தேன். வாசலிலேயே ஏசி. நான் கட்டிய கல்யாண மண்டபத்தில்கூட மணமேடைக்கு மட்டும்தான் ஏசி. உள்ளே ஒரு பெண் பிள்ளை, "பப்பிக்கு என்ன வயசு சார்?" என்று கேட்டது. என் வயசை யாரும் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. மெத்தை காட்டியது. கழுத்துப் பட்டை காட்டியது. பல் முளைக்கும்போது கடிக்க ரப்பர் எலும்பு. மழைக்கோட்டு. பல் விளக்க பிரஷ்ஷும் பேஸ்ட்டும்.

"பேஸ்ட்டு என்னம்மா ருசி?"

"சிக்கன் பிளேவர் சார்."

சின்ன வயதில் நாங்கள் பல் விளக்கியது செங்கல்பொடியில். அதையும் நான் வேலை பார்த்த சைட்டிலிருந்து எடுத்து வருவேன்.

மெத்தையும் கிண்ணங்களும் வாங்கினேன். மழைக்கோட்டு வாங்கவில்லை; எங்கள் பக்கம் அபூர்வமாக மழை பெய்தால் நாங்களே கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நனைவோம்.

வியாழக்கிழமை என் மச்சினன் சோலைமலை வந்தான். சிவகாமியின் தம்பி, ஆவுடையார்கோவில்காரன், ரிட்டயர்டு கண்டக்டர். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவனுக்கு எப்படியோ வாசம் போய்விடும். ஹாலில் கிடந்த மெத்தையைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தான்.

"இது என்ன மச்சான், தலகாணியா?"

"நாய்க்கு மெத்தை மாப்ள."

"நாய்க்கா! நான் சர்வீஸ் பூரா பஸ்ஸுல நின்னுக்கிட்டே போனேன். எனக்கு எவனும் ஒரு சீட்டு குடுக்கல. சரி... நாய் கடிக்குமா?"

"கடிக்காது."

"கொரைக்குமா?"

"எப்பவாச்சும் லேசா."

"திருடன் வந்தா?"

"கயலு சொல்றதப் பாத்தா, அவன் மடியில போயிப் படுத்துக்கும்."

"வேலை ஒண்ணுஞ் செய்யாது. வேளாவேளைக்குத் திங்கும். மெத்தையில படுக்கும். கோவிச்சுக்கிட்டா வீடே தாங்கணும்..." சோலைமலை யோசித்தான். "மச்சான், இது நாயில்ல. மாப்பிள்ளை."

நாற்காலியிலிருந்து சிவகாமி சிரித்தாள். சத்தமாக. அந்தச் சத்தம் வீட்டில் கேட்டு நாளாகிவிட்டது. நாய் வந்தாக வேண்டும் என்று நான் மனசுக்குள் முடிவு செய்தது அப்போதுதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"தரைதான் ஆகாதுங்குறா கயலு" என்றேன்.

"அது அன்னைக்கே தெரிஞ்ச சேதிதான மச்சான்? மாட்டுக்கே ஆகலையே!"

அந்தக் கதையை அவன் எப்போதும் என் முகத்துக்கு நேராகவே சொல்வான். எங்கள் புதுமனை புகுவிழாவுக்குப் பசுவும் கன்றும் கூட்டி வந்தோம். வாசலில் பூசை முடிந்து, மாடு பெருமையாக உள்ளே வந்தது. இரண்டு எட்டு வைத்தது. முன்னங்கால் அங்கிட்டுப் போனது, பின்னங்கால் இங்கிட்டுப் போனது. அப்படியே ஹால் நடுவில் உட்கார்ந்துவிட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். அத்தனை பேர் முன்னால் நான் விடுவேனா? "மகாலட்சுமி நம்ம வீட்டுல நிரந்தரமா உக்காந்துட்டா!" என்றேன். கைதட்டினார்கள். அதற்குள் நாலு பேர் ஓடிப்போய் அரிசிக் கடையிலிருந்து சணல் சாக்கு வாங்கி வந்து, வாசலிலிருந்து பூசையறை வரைக்கும் விரித்தார்கள். மாடு சாக்கின் மேல் ராணி மாதிரி நடந்து போய், சாணி போட்டு ஆசீர்வாதம் செய்துவிட்டு வெளியேறியது. சாக்கைச் சுருட்டினோம். பந்தி போட்டோம்.

அறந்தாங்கிப் பக்கம் இது இப்போது வழக்கமே ஆகிவிட்டது. வீட்டுக்குக் கண்ணாடித் தரை, மாட்டுக்கு வாடகைச் சாக்கு. மாட்டுக்காரரே வண்டியில் சாக்கோடுதான் வருகிறார்.

வெள்ளிக்கிழமை மகள் போனில் அடுத்த பாடம் நடத்தினாள். "அப்பா, நீங்க நின்னுக்கிட்டுப் பாத்தா எதுவும் தெரியாது. தரையில எறங்கி, நாய் ஒயரத்துல இருந்து பாருங்க. அது வாயில என்னென்ன மாட்டும்னு அப்பத்தான் தெரியும்."

தொழில்காரன் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான். சோலைமலையைக் கடைக்கு அனுப்பிவிட்டு — அவன் இருந்தால் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவான் — வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு காலில் இறங்கினேன். சிவகாமி நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, வீட்டை அந்த உயரத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. டிவிக்குப் பின்னால் ஒயர்கள் பாம்புக் குட்டிகள் மாதிரி கிடந்தன, அள்ளிக் கட்டினேன். சோபாவுக்கு அடியில் எலி மருந்து; எடுத்தேன். பினாயில் பாட்டில், மூடி இல்லாமல். மாடிப்படிக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில் நாய் என்ன, கன்றுக்குட்டியே புகுந்து விழுகிற இடைவெளி. அழகுக்காக வைத்த டிசைன்! எல்லாவற்றையும் பார்த்தபடி முட்டி போட்டே ஹாலைச் சுற்றி வந்து, திருப்தியாக எழுந்தேன்.

எழுந்தேன் என்று எழுதிவிட்டேன். எழ முயன்றேன்.

கையை ஊன்றினால் கை நகர்ந்தது. காலை ஊன்றினால் கால் நகர்ந்தது. என் முகம் மட்டும் தரையில் தெளிவாகத் தெரிந்தது. என்னையே பார்த்து முழித்தது. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு சாமான் இல்லை. ஹால் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் போட்டவன் நான்தான். தவழ்ந்து சுவரோரம் போய், கையை உயர்த்திச் சுவரைப் பிடித்தேன். வழுக்கியது.

"அங்கன இல்லங்க. இன்னுங் கொஞ்சம் மேல புடிங்க."

சிவகாமிதான்.

"என்னது?"

"அந்தக் கறை இருக்குல்ல, அது மேலயே கைய வைங்க. அங்கதான் புடி கெடைக்கும். மொதல்ல கால் வெரலத் தரையில நல்லா ஊனுங்க. சுவத்தோட ஒட்டியே எந்திரிங்க. அவசரப்படாதீங்க, அவசரப்பட்டா அது இழுத்துரும்."

'அது' என்றால் தரை. கூட இருக்கிற ஒரு கெட்ட ஆளைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

அவள் சொன்ன இடத்தில் கையை வைத்தேன். அவள் சொன்ன மாதிரி எழுந்தேன். எழுந்து நின்று, கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். என் உள்ளங்கைத் தடம் சரியாக அந்தக் கறைக் கோட்டின் மேல் பதிந்திருந்தது.

"இது...?"

"என் கைதான். முட்டிவலி ஆரம்பிச்ச நாள்லேருந்து இப்புடித்தான் புடிச்சுப் புடிச்சுப் போறேன். பாவம், அந்தோணி. பொங்கலுக்குப் பொங்கல் பேச்சு வாங்குது."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பச் சொல்ல? வர்றவுகளுக்கெல்லாம் தரையக் காட்டி மூஞ்சி தெரியுதான்னு கேக்குறீங்க. நடுவுல நான் வந்து வழுக்குதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"அதுக்காக நடக்காமயே இருப்பியா?"

"மாடு என்ன ஒங்ககிட்ட வந்து வாயத் தொறந்து சொல்லுச்சா? விழுந்துச்சு, சாக்கு போட்டீங்க. நானும் விழுந்தாப் போடுவீங்க. ஆபரேஷன் பண்ணுன முட்டி ஒடையக் கூடாதேன்னுதான் ஒக்காந்துருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சாயங்காலம் காபியா டீயா என்று கேட்பது போலச் சொன்னாள். நான் வாங்கிக் கட்டிக்கொண்ட இந்த இடத்தை என் பழைய வாசகர்கள் கொஞ்சம் அனுபவித்துக்கொள்ளலாம்.

போர்டிகோவில் போய் நின்றேன். காலடியில் சொரசொர டைல்ஸ். பார்க்கிங் டைல்ஸ் என்று பெயர், காருக்காகவே தயாரிப்பது. மழையில் நனைந்தாலும் டயர் வழுக்காது. நான் கட்டிய எல்லா வீட்டிலும் இதுதான். காண்ட்ராக்டில் தனியாகவே எழுதிக் கேட்பார்கள்: "மேஸ்திரி, போர்டிகோவுல வழுக்காத டைல்ஸ்தான போடுறீங்க? புது வண்டி."

காருக்கு வழுக்காத தரை. மாட்டுக்குச் சாக்கு. நாய்க்கு இன்ஸ்பெக்ஷன். வீட்டுக்காரிக்கு? சுவர்.

அட, இந்த ஊரில் இத்தனை வீடு கட்டியிருக்கிறேனே... எந்த அம்மாவாவது "வழுக்காம போடுங்கய்யா" என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களை யார் கேட்டார்கள்? டைல்ஸ் தேர்வு செய்ய மகன் வருவான், மருமகன் வருவான், வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் இன்னொருத்தன் வருவான். அம்மா காபி போட்டுக்கொண்டு வருவாள். குடித்துவிட்டு, கிளாஸை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் எங்கே வழுக்கி விழ வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்வோம்.

சாக்கு விரித்து விவகாரத்தை முடிக்க நான் மாட்டுக்காரன் இல்லை. சனிக்கிழமை விடிந்ததும் என் டைல்ஸ் ஆட்களைக் கூப்பிட்டேன். படுக்கையறை வாசலிலிருந்து பாத்ரூமுக்கு ஒரு கோடு, அங்கிருந்து அடுக்களைக்கு, அடுக்களையிலிருந்து வாசலுக்கு. மூன்றடி அகலம். சாக்பீஸால் போட்டேன். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுத்தியலை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. இந்தத் தரையில் எச்சில் தெறித்ததற்காக வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்கள் அவர்களில் உண்டு.

முதல் அடியை நானே அடித்தேன். நல்ல சரக்கு, ஒரே அடியில் போகவில்லை. குஜராத்காரன் ஏமாற்றவில்லை.

சத்தம் கேட்டுத் தெருவே வாசலுக்கு வந்தது. சோலைமலை முன்வரிசையில் நின்றான்.

"என்ன மச்சான், ஹாலுக்குள்ள காரு விடப் போறீங்களா?"

"ஆமா மாப்ள. நீ வந்து டிக்கெட்டுக் கிழி."

எதிர்வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "எதுக்குங்க நல்ல தரையப் போயி...?"

வாயைத் திறந்தேன். 'பெண்டாட்டி நடப்பதற்காக' என்று சொல்ல வேண்டியதுதானே? இந்த ஊரில் அப்படிச் சொன்னவன் பிறகு டீக்கடைக்குப் போக முடியுமா? "நாய்க்குங்க. சீமை நாய் வருது. அதுக்கு வழுக்கக் கூடாதாம்" என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு மரியாதை! "பெரிய எடம்னா பெரிய எடம்தான்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். தெரு முழுக்க அதே பேச்சுதான். நாய்க்காக ஹாலை உடைக்கிறவன் பணக்காரன். மனைவிக்காக உடைக்கிறவன் பயந்தாங்கொள்ளி. நம் ஆட்களின் அளவுகோல் இவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் பதித்து முடித்தோம். பசை நன்றாகப் பிடிக்க ஒரு நாள் விட்டோம். பளபள ஹாலுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சொரசொரப் பாதை. அழகு? தார் ரோடு போட்ட மாதிரி இருந்தது. வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரே வரி வந்தது: "அப்பா, மேட் வாங்கி விரிச்சிருந்தாப் போதுமேப்பா."

படித்த பிள்ளைகள் இப்படித்தான். எல்லாவற்றையும் லேட்டாகச் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் வந்தது. ராகு காலம் முடியட்டும் என்று சிவகாமி உள்ளேயிருந்து சொல்லிவிட்டாள். ஆகவே நான், மகள், மச்சினன், நாய், நாலு பேரும் போர்டிகோவில் காத்திருந்தோம். அந்த நேரத்தில் பட்டாணி காருக்கான டைல்ஸின் மேல் ஒரு தடவை ஒன்றுக்குப் போய், புது வீட்டுக்குத் தன் சம்மதத்தைத் தெரிவித்துவிட்டது. நேரம் வந்ததும் கயல்விழி அதை உள்ளே கொண்டுவந்து, வேண்டுமென்றே பழைய டைல்ஸில் இறக்கிவிட்டாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். நாலு காலும் நாலு பக்கம் போயின. வயிறு தரையில் ஒட்ட, அது மாவு உருட்டுகிற கட்டை மாதிரிக் கிடந்தது. அப்படியே நீந்தி, சொரசொரப் பாதையில் ஏறியது. உதறிக்கொண்டது. நடந்தது. பிறகு ஓடியது!

நேராக அடுக்களைக்குள் போய்விட்டது.

"ஏய்! அடுப்பங்கரையில என்ன ஒனக்கு வேலை? வா இங்கிட்டு!"

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்து, என்னைக் கடந்து போனது. சிவகாமி! நாற்காலி காலியாக இருந்தது. அவள் பாதையின் நடுவில் போய்க்கொண்டிருந்தாள் — மெதுவாகத்தான், காலைத் தாங்கித் தாங்கித்தான். ஆனால் சுவரிலிருந்து தள்ளி. ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். இன்னொரு கையால் நாயை மிரட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் அவளுடைய சொந்த வேலையில் இருந்தன.

கயல்விழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் தலையாட்டி நிறுத்தினேன். சோலைமலை ஒதுங்கி வழிவிட்டான் — இது அவன் சர்வீஸிலேயே முதல் தடவையாக இருக்கும்.

மூன்று வாரம் ஆகிறது. நான் வாங்கி வந்த மெத்தையில் பட்டாணி ஒரு நாளும் படுத்ததில்லை. சோலைமலைதான் மத்தியானத்தில் தலைக்கு வைத்துக்கொள்கிறான். சிவகாமி காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, நடுவில் நாயை விரட்டுகிற சாக்கில் எத்தனையோ நடை. டாக்டர் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "என்ன எக்சர்சைஸ் செஞ்சீங்க?" என்று கேட்டாராம். "எங்க வீட்டுல ரோடு போட்டுட்டாக" என்று சொல்லியிருக்கிறாள்.

என் ஹாலைப் பார்த்துவிட்டு இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டிலும் அதே மாதிரி ஒரு பாதை போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். "நாய் வாங்கப் போறோம்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். எனக்குத் தெரியும், வாங்க மாட்டார்கள். நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பேர் வீட்டுச் சுவரையும் போய்ப் பார்த்தேன், இடுப்பு உயரத்தில்.

உங்கள் வீட்டுச் சுவரையும் இன்றைக்கு ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அந்தோணியை வரச் சொல்லி, ஹாலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தாயிற்று. இந்தத் தடவை பழுப்புக் கோடு வரவில்லை. ஆனால் நேற்று கவனித்தேன், தரையிலிருந்து அரையடி உயரத்தில், அடுக்களை வரைக்கும் புதிதாக ஒரு கறை ஓடுகிறது... பெயிண்டர் மேல் தப்பில்லை.